றெக்கைக்கு நடந்த ஆயுத பூஜை

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே காற்றைத் திட்டாத ஒரே மனிதர் றெக்கைதான். சித்திரையில் இலை அசையாமல் புழுங்கினாலும், ஐப்பசியில் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனாலும், "காத்து சரியில்ல" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். "காத்து எப்பவும் சரியாத்தான் இருக்கும். சரியில்லாதது நாமதான்" என்பார். பந்தல் சரிந்து விழுந்த ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனாரிடமே இதைச் சொல்லிவிட்டு, பந்தி எங்கே என்று கேட்டவர் அவர்.

எழுபதுகளில் கல்பாக்கத்தில் பெரிய கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு காண்டிராக்டர் ஆபீசில் நான் குமாஸ்தா. றெக்கை அங்கே பிளான் வரைகிறவர், டிப்ளமா படித்தவர். புதுப்பட்டினத்தில் காதர் பாய் கடை மாடியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளத்தன்று மட்டும் அது வெளியே வந்து தலைகாட்டிவிட்டுப் போகும்.

அவருடைய பைத்தியம் இதுதான். விமானம் வேகமாகப் போகும்போது காற்று இறக்கையை ஒட்டித் தழுவிக்கொண்டே போகுமாம். வேகம் குறைந்தால் பாதி வழியிலேயே பிய்த்துக்கொண்டு விலகிவிடுமாம். விலகினால் விமானம் தொப்பென்று விழவேண்டியதுதான். எந்த இடத்தில் விலகுகிறது, ஏன் விலகுகிறது, விலகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத் தவிர உலகத்தில் வேறு கேள்வியே இல்லை அவருக்கு. இத்தனைக்கும் மனிதர் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

அறையில் ஒரே ஒரு மேசை விசிறி. அதன் எதிரில் நான் படுத்ததாகச் சரித்திரமே கிடையாது. அட்டையில் செய்த இறக்கைதான் சுகமாகக் காற்று வாங்கும். நான் அடுத்த மூலையில் வியர்வையில் ஊறிக்கொண்டிருப்பேன். மார்கழிப் பனிக்கென்று ஆசையாக வாங்கிய என் சிவப்பு மப்ளரை ஒருநாள் தேடினால், நூல் நூலாகப் பிரிந்து கட்டிலின் மேல் கிடக்கிறது.

"என் மப்ளர் எங்க?"

"இங்கதான் இருக்கு. கம்பளி நூல்தான் லேசா இருக்கும். ஒரு நுனிய இறக்கையில ஒட்டி, மறு நுனிய சும்மா விட்டுடணும். காத்து ஒட்டிப் போற இடத்துல நூல் படிஞ்சு கிடக்கும். விலகின இடத்துல பேய் பிடிச்ச மாதிரி ஆடும். கண்ணுக்குத் தெரியாத காத்தைக் கண்ணால பாக்கலாம்."

"எனக்குக் குளிருமே ஐயா."

"புதுப்பட்டினத்துல என்ன குளிரு?" என்று கேட்டுவிட்டு, பிரித்த நூலை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

திருக்கழுக்குன்றம் மலைக்கு உச்சி வேளையில் கழுகு வரும், ஊரே போய்க் கும்பிடும். றெக்கையும் போவார், கழுகு பாறையில் இறங்கும்போது முதுகு இறகு எழும்புகிறதா என்று பார்க்க. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், "பிரிஞ்சிடுச்சு, பிரிஞ்சிடுச்சு" என்று இவர் துள்ளினார். பக்கத்தில் நின்ற அம்மாள் பயந்துபோய், "இன்னா பிரிஞ்சிச்சி?" என்று கேட்டாள். "காத்தும்மா" என்றார். அந்த அம்மாள் பூசாரியிடம் விபூதி வாங்கிவந்து இவர் நெற்றியில் பூசிவிட்டுப் போனாள்.

விசிறிக் காற்று போதாது என்று ஆனதும், பலகையால் கதவு நீளத்துக்கு ஒரு இறக்கை செய்து வெள்ளையடித்தார். காதர் பாயின் டெம்போ தினமும் விடியற்காலையில் சரக்கெடுக்கக் காலியாகச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போகும். அதன் முன்கூரையில் இறக்கையை நிறுத்திவிட்டுத் தான் பின்னால் நின்று பார்ப்பது என்று திட்டம். பாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இத வெச்சா டீசல் குறையுமா தம்பி?"

"கூடும் பாய்."

"உள்ளதச் சொல்றீங்க. வெச்சுக்குங்க."

டெம்போ ஓட்டுகிற கபாலிக்கு றெக்கை என்றால் உயிர். "சார் ஒருநாளு வண்டிய பறக்க வுட்டுடுவாரு, பாத்துகினே இரு" என்று எதிரில் வருகிற லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லுவான். ஆனால் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவன், ஒருநாளும் பின்னால் ஏறி நின்று அந்த நூல்கள் என்ன செய்கின்றன என்று பார்த்ததில்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களில் றெக்கை ஒன்றைக் கண்டுபிடித்தார். மகாபலிபுரத்துக் கடற்கரை மணலைச் சலித்து இறக்கையின் முன் ஓரத்தில் பசை தடவி ஒட்டினால், சொரசொரப்பில் காற்று தடுமாறி, அந்தத் தடுமாற்றத்தினாலேயே விலகாமல் ஒட்டிக்கொண்டு போகிறது. பாதி இறக்கைக்கு மணல் ஒட்டினார், மீதியை வழவழப்பாக விட்டார். டெம்போ ஓடியபோது வழவழப்பான பக்கத்து நூல்கள் தலைவிரித்து ஆடின. மணல் பக்கத்து நூல்கள் சாதுவாகப் படிந்து கிடந்தன. நானே பார்த்தேன். மப்ளர் போன துக்கம் அன்றோடு போயிற்று.

சென்னையில் விமானப் பொறியியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை ஒன்று காலி. டிப்ளமாக்காரனை எடுக்கமாட்டார்கள், பேராசிரியரே இந்த ஆள்தான் வேண்டும் என்று சொன்னால் ஒழிய. அடுத்த வருஷம் றெக்கைக்கு வயது வரம்பும் தாண்டிவிடும். கடிதம் மேல் கடிதம் போட்டதில், விஜயதசமி லீவில் மாமனார் மாமியாரை மகாபலிபுரம் கூட்டிவருவதாகவும், வழியில் அப்படியே பார்ப்பதாகவும் பெரிய மனது பண்ணிப் பதில் போட்டார்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்களுக்கு ஆபீசில் பூஜை, பொரி விநியோகம், மேனேஜர் பிரசங்கம் என்று பொழுது போயிற்று. டெம்போ கபாலி வீட்டில் நின்றது.

மறுநாள் காலை மகாபலிபுரம் சாலையில் சவுக்குத் தோப்பு ஓரமாக நாங்கள் காத்திருந்தோம். பேராசிரியர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அவர் செய்த முதல் துரோகம் அது. பெரிய மனிதருக்கு உரிய லட்சணமாக ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். அவர் காரைவிட்டு இறங்கிக் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போதே டெம்போ வந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் மாலை. இறக்கை பளபளவென்று மின்னியது. அதிலும் வரிசையாகச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

கபாலி குதித்து இறங்கினான். முகமெல்லாம் பல்.

"சார், அல்லாத்தையும் கயுவி வெச்சிட்டேன். வண்டிக்கு மட்டும் பூஜை போட்டுட்டு ஒன் றெக்கைய சும்மா வுடுவேனா? முன்னாடி ஓரத்துல ஒரே மண்ணு. தேங்கா நாருல தேச்சித் தேச்சி எடுக்கறதுக்குள்ள கை கயண்டு போச்சி. நூலுங்கல்லாம் தொங்கிகினு அசிங்கமா இருந்திச்சி. ஒவ்வொண்ணா நீட்டி, பச வெச்சி ஒட்டிட்டேன். இப்ப பாரு, எண்ணெ தடவி வாரிவுட்ட மாதிரி எப்டி கீது."

றெக்கை இறக்கையைப் பார்த்தார். கபாலியைப் பார்த்தார். சொல்லித் தொலையுமே, ஐயா, அரை மணி நேரம் கேளுமே என்று மனதுக்குள் அடித்துக்கொண்டேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "போலாம் கபாலி" என்றார்.

பேராசிரியரும் நாங்களும் பின்னால் ஏறி நின்றோம். டெம்போ ஓடியது. இரண்டு பக்கமும் வழவழப்பு. இரண்டு நுனியும் ஒட்டிய நூல் எப்படி ஆடும்? ஒரு நூல்கூட அசையவில்லை. சந்தனம் மட்டும் காய்ந்து உதிர்ந்து பேராசிரியரின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றார் அவர். வண்டி நின்றதும் இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தார். "சொரசொரப்பு இருந்தா காத்து விலகாதுங்கறது வெளிநாட்டுல ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். கையால செஞ்சு காட்டற ஆள்தான் எனக்கு வேணும். தெரிஞ்சதைக்கூட உங்களால காட்ட முடியலையே."

கபாலி பொரி கடலைப் பொட்டலத்தோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், சாருக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு.

றெக்கை சொன்னார்: "இன்னிக்குக் காத்து சரியில்ல சார்."

டீசல் கூடும் என்று பாயிடமே சொன்ன மனிதர். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். பேராசிரியர் தலையாட்டிவிட்டு, பொரிப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் கல் ரதம் பார்க்கப் போய்விட்டார்.

கபாலியை வண்டியோடு அனுப்பிவிட்டு நடந்து திரும்பும்போது நான் கத்தினேன். "அரை மணி நேரம் கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"கேட்டா ஏன்னு கேப்பாரு. ஏன்னு சொன்னா கபாலி இனிமே ஒரு பூஜைக்கும் சந்தனத்தைக் கையால தொடமாட்டான்" என்றார்.

அந்த வருஷக் கடைசியில் காண்டிராக்ட் முடிந்து றெக்கை வடக்கே எங்கேயோ வேலைக்குப் போனார். முகவரி தருகிறேன் என்றார், தரவில்லை. இறக்கை காதர் பாய் கடை வாசலில் வெயில் மறைப்பாக நின்றது, நூல்கள் படிந்தபடியே. பேராசிரியர் பெரிய பெரிய பதவிகளில் இருந்து சௌக்கியமாக ஓய்வு பெற்றார். அவருக்குக் காற்று எல்லா நாளும் சரியாகவே இருந்திருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

கபாலிக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. பார்க்கும்போதெல்லாம், "அன்னிக்கி மட்டும் காத்து நல்லா இருந்திருந்தா சார் இன்னேரம் எங்கியோ போயிருப்பாரு" என்று காற்றைக் கண்டபடி திட்டுவான். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். யாராவது காற்றைத் திட்டினால் றெக்கைக்குப் பொறுக்காது. கோபித்துக்கொண்டு சண்டை போடவாவது ஒரு தடவை வந்து நிற்கமாட்டாரா என்றுதான்.