தாளித்த ரவையும் பழைய ரிவால்வரும்

எதைக் கண்டாலும் ‘இது எதுக்கு, அது ஏன்’ என்று கேட்காமல் இருக்க முடியாத பிறவி நான். இந்தக் குணத்தால் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன், கல்யாண வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒருமுறை ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்க வேண்டிய பி.ஆரையே கோட்டை விடப் பார்த்தேன்.

2011. மெல்பர்னில் ரோவில் பக்கம் வாடகை வீடு, தற்காலிக விசா. கம்பெனி ஸ்பான்சர் செய்தால் பி.ஆர்., இல்லாவிட்டால் மூட்டை முடிச்சு. அதை முடிவு செய்ய வேண்டியவர் என் மேனேஜர் கிரஹாம். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினாலே அதிகம். என் மனைவி வாசுகியோ, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு யூனிஃபார்ம் என்ன நிறம் என்பது வரை விசாரித்து வைத்திருந்தாள்.

ஒரு நாள் மதிய சாப்பாட்டில், நான் சிவகாசிக்காரன், வெடிமருந்து வாசத்திலேயே வளர்ந்தவன் என்று கிரஹாமிடம் அளந்துவிட்டேன். (அப்பாவுக்கு ஜவுளிக்கடை. தீபாவளிக்கு நான் கம்பி மத்தாப்பைத் தாண்டியதில்லை.) மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் ரிவால்வர் அவரிடம் இருக்கிறதாம். லைசென்ஸோடு, துப்பாக்கிச் சங்கத்துப் போட்டிகளில் இன்னமும் அதைத்தான் சுடுவாராம். அவர் பேசியது ஆங்கிலம். என் மண்டையில் தமிழாகத்தான் ஏறியது.

“கடையில விக்கிற தோட்டாவைப் போட வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“இதுக்குத் தோட்டாவே கிடையாது. சுத்துற உருளையில இருக்கிற ஒவ்வொரு குழியிலயும் மருந்தைக் கொட்டி, மேல ஈயக் குண்டை வச்சு அழுத்தணும். அதுவும் பழைய கறுப்பு மருந்துதான். இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தைப் போட்டா, இந்த இரும்பு தாங்காது. கையிலயே வெடிச்சிடும்.”

“கறுப்பு மருந்தை நிறையப் போடலாமா?”

“வயசான துப்பாக்கி. கொஞ்சமாத்தான் போடணும்.”

“அப்போ உள்ள இடம் காலியா இருக்குமே?”

கிரஹாம் என்னை மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே இன்னும் பத்துக் கேள்வி கேட்கலாம் என்று தோன்றியது.

“அதான் விஷயம். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவுல காலி இடம் இருந்தா ஆபத்து. அந்த இடத்தை ரவை போட்டு நிரப்புவோம்.”

ரவையா? உப்புமா ரவையேதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆச்சரியமும் தாங்கவில்லை. (ஈழத்து நண்பர்கள் தோட்டாவையே ரவை என்பார்கள் என்பது பிறகு தெரிந்தது.) “சனிக்கிழமை போட்டி இருக்கு, வா. என்கிட்ட ரவை தீர்ந்துபோச்சு” என்றார். “எங்க வீட்டுல ரவைக்குப் பஞ்சமே இல்லை” என்று மார்தட்டினேன்.

சனிக்கிழமை விடியற்காலை, வாசுகி தூக்கம் கலையக் கூடாதென்று விளக்குப் போடாமல் சமையலறையில் தடவி, ரவை டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மைதானத்தில் கிரஹாம் மருந்தை அளந்து போட்டார். நான் பின்னாலேயே ரவையைப் போட வேண்டும். டப்பாவைத் திறந்தேன். அங்கங்கே கறுப்புப் புள்ளி.

“அது என்ன?” என்றார்.

‘தெரியலை’ என்று சொல்லியிருக்கலாம். சிவகாசிக்காரன் அப்படிச் சொல்வானா? “எங்க ஊர் ரவை அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

முதல் குண்டு வெடித்தது. வெள்ளைப் புகை மண்டியது. கூடவே, அம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குத் தாளிப்பது போல ஒரு வாசனை. சுடுகிறவர்கள் வரிசையாக மூக்கை உறிஞ்சினார்கள். இரண்டாவது, ‘டிக்’ என்றதோடு சரி. கண்காணிப்பாளர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். தாமதமாகக்கூட வெடிக்கலாம் என்பதால், கிரஹாம் துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி அசையாமல் நின்றார்.

ஆபத்தில்லை என்று உறுதியான பிறகு பிரித்தார்கள். நெய்யில் ஊறிய மருந்தோடு கடுகும் உளுத்தம்பருப்பும் ஒரு துண்டுக் கறிவேப்பிலையும் வெளியே வந்தன. போட்டி அவருக்கு அதோடு முடிந்தது.

ஓரமாகப் போய் வாசுகிக்குப் போன் போட்டேன்.

“எந்த டப்பாங்க எடுத்தீங்க?”

“நீல மூடி.”

“ஐயோ, அது நீங்க ஆபீசுக்குக் கொண்டு போறதுக்கு நெய்யில தாளிச்சு வச்ச ரெடி உப்புமாங்க. வெந்நீர் ஊத்தினாப் போதும்.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “நம்ம பி.ஆர். என்னங்க ஆகும்?”

ஞாயிறு முழுக்க நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை கிரஹாம் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரக்கூட இல்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜவுளிக்கடை, கம்பி மத்தாப்பு, இருட்டில் எடுத்த டப்பா, கறுப்புப் புள்ளிக்குச் சொன்ன பொய்.

“உனக்குக் கேள்வி கேக்க நல்லா வருது. அது எனக்கு வேணும்” என்றார். “ஆனா யாராவது உன்னைக் கேட்டு, உனக்குத் தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்லிடு. ஸ்பான்சர் பண்றேன். துப்பாக்கிப் பக்கம் மட்டும் வராதே.”

நான் கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டார்: “அந்த டப்பால மிச்சம் இருக்கா? வாசனை நல்லா இருந்துச்சு.”

இப்போதும் யாராவது வீட்டுக்கு வந்து, “பி.ஆர். எப்படிக் கிடைச்சுது? படிப்பு, வயசுக்கெல்லாம் குடுக்கிற பாயிண்ட்ஸ்லயா?” என்று கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன் மகள் முந்திக்கொள்கிறாள்.

“நோ அங்கிள். அப்பா உப்புமாவைத் துப்பாக்கில போட்டுச் சுட்டாங்க.”