பப்பாசிக்குள் போன பச்சை

என்னுடைய 1986ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஆவணி மாதத்துப் பக்கம் ஒன்றில் இரண்டே இரண்டு வசனங்கள் இருக்கின்றன: "சீதன வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போனேன். கை இருக்கிறது." திகதி இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்துபோன ஒரு பச்சைத் துளி. நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். பச்சையோடு சேர்ந்து திகதியும் உதிர்ந்துவிட்டது. அயல்வீட்டு மாடு கன்று போட்டது, எங்கள் கிணற்றில் தண்ணீர் வற்றியது, ஒன்றுவிட்ட சித்தப்பா கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழும்பிப் போனது எல்லாவற்றுக்கும் என்னிடம் திகதி உண்டு. பெருவிரல் தப்பிய நாளுக்கு மட்டும் இல்லை. (பொன்னுருக்கலுக்கும் கலியாணத்துக்கும் இடைப்பட்ட ஒரு நாள் என்பது நிச்சயம்.)

நிறையப் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. படித்த எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டதாகவே அவன் நினைத்துக்கொள்வான். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்த காலம் அது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர் வேலை. கொக்குவிலில் வீடு. சுன்னாகத்துக்கு அண்மையில் ஓர் ஊரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெயர் சிவகௌரி, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள் என்பதற்கு மேல் அவளைப்பற்றி எனக்கு எதுவும் தெரியாது. படம் காட்டினார்கள். படத்தில் அவள் என்னைப் பார்க்காமல் படம் எடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாலிக்குப் பொன் உருக்கிய அன்று, எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெண்ணின் தகப்பனார் சாப்பாட்டுக்குப் பிறகு கவலைப்பட்டார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். கவலையைக்கூட முகவரி எழுதுவதுபோலத் தெளிவாகச் சொல்லுவார்.

"வீட்டுச் சுவர்தான் இன்னும் கிடக்குது. ஆவணி மாசம். பெயின்ற் அடிக்கிறவை ஒருத்தரும் அகப்படுகினம் இல்லை."

சீதன வீடு. அவர்கள் இருக்கிற வீடு, கலியாணம் முடிந்தால் நான் போய் வாழப்போகிற வீடு. வாயில் பாயசம் இருக்கும்போது மனிதன் வாக்குக் கொடுக்கக்கூடாது.

"என்ரை சிநேகிதன் ஒருத்தன் வளைகுடாவிலையிருந்து மெசின் கொண்டு வந்திருக்கிறான், மாமா. கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிறது. ஒரு பகலிலை முடிச்சுத் தாறம்" என்றேன்.

எங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பொன்னுருக்கி முடிந்தால் கலியாணம்வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் கண்ணால் கண்டுகொள்ளக் கூடாது. மாமா யோசித்தார். அன்றைக்கு மகளைத் திருநெல்வேலியில் (கொக்குவிலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் திருநெல்வேலி) பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். "அவள் நிக்கமாட்டாள். நீங்கள் தாராளமா வாங்கோ, தம்பி." தபாலதிபர் சொன்னால் அது பதிவுத்தபால். நான் நம்பினேன்.

சிநேகிதன் பெயர் தயாபரன். கப்பல் கட்டும் துறை ஒன்றில் வேலை செய்துவிட்டு, மெசினைக் கழற்றித் துண்டு துண்டாகக் கொண்டுவந்து திரும்பப் பூட்டியிருந்தான். அடக்கம் என்பது அவனுக்கு ஆகாது. "மச்சான், நான் அடிச்ச கப்பலை வெய்யிலுக்கை விட்டால் சூரியன் கண்ணைப் பொத்தும்" என்பான்.

அன்று சீதன வீட்டு முற்றத்தில் இறக்கிவைத்த மெசின் ஓர் ஆட்டுக்கிடாய்க் குட்டி அளவுதான். இரண்டு சில்லு. ஒரு மோட்டார். கீழே ஒரு குழாய் வாளிக்குள் இறங்கிப் பெயின்ற்றை உறிஞ்சும். மேலே ஒரு நீண்ட குழாய் அதைத் துவக்குக்குக் கொண்டுபோகும். (துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிற அந்தக் கருவியைத் துவக்கு என்றுதான் அவன் சொன்னான். சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் அந்தச் சொல்லை நாங்கள் வேலிக்கு மேலால் கேட்கும்படி சொல்வதில்லை. மாமா இரண்டு தரம் எழும்பி வாசல் படலையைப் பார்த்துவிட்டு வந்தார்.) காற்றுச் சேர்த்துப் பூத்தூவுகிற சாதாரண மெசின் அல்ல இது. பெயின்ற்றை மட்டும் பிடித்து நெரித்து, எள்ளின் மூக்களவு ஓட்டை ஒன்றால் வெளியே துரத்துகிறது. பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு கை, அதன் விரலைத் துளைக்கிற ஒரு கோடு, எல்லாவற்றையும் வெட்டி ஒரு சிவப்புக் கீறு. கையில் பெயின்ற் பட்டால் கழுவவும் என்பதாக நான் அதற்குப் பொருள் கொண்டேன். கூட வந்த ஆங்கிலக் கைநூலை முன்னட்டை முதல் பின்னட்டைவரை படித்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

காலையில் தயாபரன் வேலையைத் தொடங்கினான். மாமியின் பழைய நைலெக்ஸ் சேலைத் துண்டொன்றில் பெயின்ற்றை வடித்தான். குழாயை நிலத்தில் நீட்டிப் போட்டு, கீறல், மடிப்பு இருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் பார்த்தான். எர்த் வயரைச் சரிபார்த்தான். எனக்கும் கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் துணி கட்டினான்.

"மச்சான், ரெண்டே ரெண்டு விசயம். அடிக்காத நேரம் துவக்கின்ரை விசையைப் பூட்டி வை. மெசினை நிப்பாட்டினால் உந்த வால்வைத் திறந்து, துவக்கையும் வாளிக்குள்ளை அமத்தி, அமுக்கம் முழுக்க வெளியிலை விடு. அதுக்குப் பிறகுதான் முனையிலை கை வைக்கலாம். ஆரையும் நோக்கிப் பிடிக்காதை. உன்ரை கையையும் சேர்த்துத்தான்."

"ரெண்டு எண்டாய். மூண்டு சொல்லுறாய்."

"மூண்டாவது உனக்காகச் சொன்னது."

பிறகு அவன் அடித்தான். இன்றுவரை அதற்குச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி நின்று, கையை வளைக்காமல் சுவரோடு சமாந்தரமாகக் கொண்டுபோனான். துவக்கிலிருந்து விசிறி விரிந்த மாதிரி ஓர் இளம் பச்சை வந்தது. வந்த இடமெல்லாம் பழைய சுவர் இல்லாமல் போயிற்று. தூரிகைத் தடம் இல்லை, வடிந்த கோடு இல்லை. மழைக்கு மறுநாள் வயல் பச்சையாவதை யாரோ நின்ற நிலையில் செய்து காட்டுவதுபோல இருந்தது. மாமா வாசித்த பத்திரிகையை மடித்து வைத்தார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். (துணி கட்டியிருந்ததால் அது வெளியே தெரியவில்லை.)

ஒரு சுவர் முடிந்ததும் தயாபரன் மெசினை நிறுத்தி, அமுக்கத்தை வாளிக்குள் இறக்கி, துவக்கின் முனையைக் கழற்றிக் கழுவி, ஒரு துணியில் வைத்தான். பெயின்ற் போதாது என்று கண்டு சுன்னாகத்துக்குச் சைக்கிள் எடுத்தான். "நான் வருமட்டும் தொடாதை" என்றான்.

நான் தொட்டிருக்கமாட்டேன். மாமிதான் குளித்து முழுகித் தாம்பாளத்தோடு வந்தார்.

"பொட்டு வைக்காமல் தொடங்கிட்டியளோ? புது மெசின் எல்லோ?"

மோட்டாருக்கு விபூதியும் சந்தனமும் வைத்தார். வாளிக்கு வைத்தார். துணியில் கிடந்த முனையைக் கண்டு, மெசினின் முகம் அதுதான் என்று சரியாகவே உணர்ந்து, விபூதியைத் தொட்டு அதன் மேல் சந்தனத்தை நடுவிரலால் அமர்த்தி வைத்தார். முன்னுக்கும் வைத்தார், பின்னுக்கும் வைத்தார். எள்ளின் மூக்களவு ஓட்டை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கைகூப்பியபடி.

"இராகு காலம் வரப்போகுது, தம்பி. அதுக்கு முந்தி உங்கடை கையாலை ஒருக்கால் தொடக்கி விடுங்கோ. நீங்கள் இருக்கப்போற வீடு."

வருங்கால மாமியார் கேட்டு, நல்ல நேரமும் கழிந்துகொண்டிருக்கும்போது, 'தயாபரன் வரட்டும்' என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்? முனையைத் துவக்கில் பூட்டினேன். வால்வை மூடிச் சுவிச்சைப் போட்டேன். மெசின் உறுமிக் குழாய் விறைத்தது. சுவரை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினேன். சந்தன நிறத்தில் ஒரு சொட்டு வந்து நின்றது. அவ்வளவுதான். இன்னொரு தரம் அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கறன்ற் நின்றது. அந்த வருடங்களில் கறன்ற் ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்பதில்லை. மெசினின் உறுமல் அடங்கியது. மாமி "முருகா" என்றுவிட்டுத் தாம்பாளத்தோடு உள்ளே போனார். முற்றத்தின் மறுகரையில் சாய்மனைக் கதிரையில் இருந்த மாமா பத்திரிகையைத் திரும்ப விரித்தார்.

என் மூளை வேலை செய்தது. முனை அடைத்தால் முதலில் மெசினை நிறுத்தவும் என்று கைநூலில் இருந்தது. மெசின் நின்றுவிட்டது. நான் நிறுத்த வேண்டியதை நாட்டின் மின்சாரமே நிறுத்தித் தந்திருக்கிறது. அடுத்த வரி அமுக்கத்தை இறக்கச் சொன்னது. மோட்டார் ஓடாதபோது அமுக்கம் எங்கிருந்து வரும்? வசனத்தை நீட்டுவதற்காக எழுதியிருக்கிறார்கள் என்று முடிவெடுத்தேன். வலக்கையில் துவக்கு. விசை பூட்டவில்லை. இடக்கைப் பெருவிரலால் சந்தனத்தைத் தேய்த்து எடுக்க ஓட்டைக்கு நேரே கொண்டுபோனேன். துடைக்கிற எண்ணம்தான். துளைக்கிற எண்ணம் மெசினுடையது.

"கையை எடுங்கோ."

வீட்டின் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. கத்தவில்லை. மேசைக்கு மேல் ஏறி நிற்கிற பொடியனை இறங்கச் சொல்லும் வாத்தியார்க் குரல். கீழ்ப்படிய மட்டுமே பிறந்தவன்போல இடக்கையை உதறி எடுத்தேன். உதறின வேகத்தில் வலக்கை இறுகியது. விசை அமுங்கியது. 'சிக்' என்று ஒரு சின்னச் சத்தம். சந்தனம் பறந்தது. பச்சை நூல் ஒன்று, கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா என்று சொல்லமுடியாத அளவு மெல்லியது, என் பக்கத்தில் நெஞ்சளவு உயரத்தில் காய்த்திருந்த பப்பாசிக்குள் போனது. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். துவக்கும் என்னோடு திரும்பியது. குழாயில் மிச்சமிருந்ததெல்லாம் விசிறியாக விரிந்து முற்றத்தைக் கடந்தது.

மாமா பத்திரிகையை மெதுவாக இறக்கினார். பத்திரிகை மறைத்த இடமெல்லாம் அவர் பழைய மாமா. அதற்கு மேலே நெற்றியும் மூன்று குறி விபூதியும் இளம் பச்சை.

"கறன்ற் இல்லை எல்லோ, தம்பி?"

"இல்லை, மாமா."

"அப்ப உது என்ன?"

ஜன்னல் பதில் சொன்னது.

"அமுக்கம், அப்பா. மெசின் நிண்டாலும் குழாய்க்குள்ளை நிக்கும்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீ திருநெல்வேலியிலை எல்லோ நிக்கிறாய்?"

ஜன்னல் சாத்திக்கொண்டது.

தயாபரன் திரும்பி வந்தான். மாமாவின் நெற்றியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முதலில் விசையைப் பூட்டினான். வால்வைத் திறந்தான். பிறகு பூட்டைத் திறந்து, துவக்கை வாளிக்குள் அமர்த்தி, மிச்ச அமுக்கத்தையும் வெளியே விட்டான். அதற்குப் பிறகுதான் ஏசத் தொடங்கினான். ஏசி முடித்துவிட்டுப் பப்பாசியைப் பிடுங்கினான். வெளியே நுளம்பு கடித்த அளவு ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

"கத்தி தாங்கோ, மாமி."

அரைப்பழம். இரண்டாகப் பிளந்தான். செம்மஞ்சள் சதை நெடுக ஒரு பச்சை வாய்க்கால். நடுக்குழியில் விதையெல்லாம் ஒன்றுவிடாமல் பச்சை. தோலில் ஊசிமுனை, உள்ளே ஒரு முழு வீட்டுக்குப் பெயின்ற் அடித்த மாதிரி. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். மாமியின் உதடுமட்டும் அசைந்தது.

"எங்கடை கப்பல் யாட்டிலை ஒருத்தனுக்கு விரலிலை உப்பிடித்தான் ஒரு புள்ளி" என்றான் தயாபரன். முதல்தரமாக அவன் குரலில் பெருமை இல்லை. "நோகேல்லை எண்டு பின்னேரம்வரைக்கும் வேலை செய்தவன். கையைப் பிளந்துதான் உள்ளை கழுவினவை. அப்பிடியும் விரல் மிஞ்சேல்லை. உதுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கேலாது, மாமா. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும்."

மாமா பப்பாசியைப் பார்த்தார். என் பெருவிரலைப் பார்த்தார். திரும்பவும் பப்பாசியைப் பார்த்தார்.

"தாலி எந்தக் கையாலை கட்டுறது, தம்பி?"

"ரெண்டாலையும், மாமா."

"அப்ப ரெண்டையும் கொண்டு வீட்டை போங்கோ."

போனேன். பின்னேரம் கறன்ற் வந்து, தயாபரன் தனியே நின்று மிச்சச் சுவரை முடித்தானாம். அப்படி ஒரு சுவரை அந்தப் பகுதி கண்டதில்லை என்று ஊர் சொன்னது. மாப்பிள்ளை ஏன் பாதியில் போனார் என்றும் ஊர் கேட்டது. வெய்யில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாமா அறிவித்தார். மாமாவின் காதுமடலின் மடிப்பில் இருந்த பச்சை கலியாணத்தன்றும் போகவில்லை. மணவறையில் நான் தாலி கட்டும்போது சிவகௌரி குனிந்த தலையோடு என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஆக, என் மனைவி என்னோடு பேசிய முதல் வார்த்தை "கையை எடுங்கோ" என்பதாகும். பிள்ளைகள் வளர்ந்த பிறகு இது வீட்டுச் சட்டமாயிற்று. நான் ஸ்குறூ ட்ரைவரைத் தொட்டால், றேடியோவின் பின்மூடியைத் திறந்தால், ஏன், கறிச்சட்டியின் மூடியைத் தூக்கினால்கூட மூன்று குரல்கள் ஒன்றாகச் சொல்லும்: "அப்பா, கையை எடுங்கோ." நான் எடுத்துவிடுவேன்.

ஒரு விடயம் மட்டும் இன்னும் தீரவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு என்னிடம் இரண்டு வாக்குமூலங்கள் உள்ளன. சந்தோசமாக இருக்கும் நாட்களில், மெசினில் ஒட்டியிருந்த படத்தை ஜன்னலால் பார்த்ததாகவும், நான் விரலைக் கொண்டுபோனதைக் கண்டு நெஞ்சு நின்றுபோனதாகவும் சொல்லுவாள். கோபமான நாட்களில் வேறு கதை. அமுக்கத்தின் நினைப்பு, பச்சையைக் கண்ட பிறகுதான் அவளுக்கு வந்ததாம். அதற்கு முன் அவள் கண்டது, நான் முழங்கையால் பப்பாசிக் கன்றில் சாய்ந்து நின்றதை மட்டும்தான். அது அவள் நட்ட கன்று. முதல் காய்ப்பு. முறிந்துவிடப் போகிறது என்றுதான் சொன்னாளாம்.

இரண்டு வாக்குமூலத்துக்கும் வேறு சாட்சி இல்லை. அன்றைக்குக் காப்பாற்றப்பட்டது என் கையா, அவளுடைய பப்பாசிக் கன்றா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.