எருக்கம்பட்டிக்குக் கடல் வந்த கதை

நாமக்கல்லுக்குக் கிழக்கே கட்டை வண்டியில் அரைநாள் போனால் எங்கள் எருக்கம்பட்டி வரும். எருக்கு உண்டு, கருங்கல் உண்டு, தண்ணீர் மட்டும் கிடையாது. பெண்கள் வறண்ட ஓடையில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவார்கள்.

ஆகவே கிணறு வேண்டுமென்று தாசில்தார் சமூகத்தில் விண்ணப்பித்துக்கொள்ள, மணியகாரர் காளியண்ணனும், குடம் சுமந்தே இடுப்பொடிந்த ஆராயியும் தாலூகா கச்சேரிக்குப் போனார்கள்.

எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கச்சேரியில் ஒரு படம் தொங்கிற்று. போன நூற்றாண்டில் யாரோ ஒரு துரை ஆசைப்பட்டு, காவேரிப் பக்கத்து ஊர்களையும் கடற்கரை ஊர்களையும் உள்ளூர் ஓவியனைக் கொண்டு வரைவித்த படம். ஆற்றில் பரிசல், கடலில் பாய்மரக் கப்பல், வாய் பிளந்த மீன் எல்லாம் லட்சணமாக இருந்தன. நடுவே இருந்த திருச்சி, தஞ்சாவூர்ச் சீமைகளை மட்டும் கரையான் தின்றுவிட்டது. சர்க்கார் படத்தில் ஓட்டை இருந்தால் மரியாதை இல்லையென்று, டவாலிச் சேவகன் மிஞ்சிய இரண்டு துண்டுகளையும் பசை தடவி ஒட்டிவிட்டான். இந்தத் துண்டின் ஓரத்தில் 'எருக்கம்பட்டி'. அந்தத் துண்டின் ஓரத்தில், நாகப்பட்டினத்தில் கரையான் மீதம் வைத்த 'னம்'. கரையான் புண்ணியத்தில் எங்களுக்குக் கரை கிடைத்தது.

தாசில்தார் சுவாமிநாதன் படத்தில் விரல் வைத்தார்.

"எருக்கம்பட்டினம். சமுத்திர தீரம். அங்கே வெட்டினால் உப்பு நீர்தான் வரும். கிணறு கிடையாது."

"எங்கூர்ல காலு நனைக்கத் தண்ணி இல்லீங்க சாமி!" என்றாள் ஆராயி.

"கப்பல் நிற்கிறதே, தண்ணீர் இல்லாமலா நிற்கிறது?"

"வந்து பாருங்க சாமி."

நியாயவான், வந்தே பார்த்தார். வெயிலில் கண்ணெட்டும் மட்டும் கருங்கல்.

"கடல் உள்வாங்கியிருக்கிறது. ஏன் கச்சேரிக்குத் தகவல் தரவில்லை?"

"எப்பப் போச்சுன்னே தெரியலீங்க," என்று நடுங்கினார் காளியண்ணன்.

அது ஊரூராக உப்பெடுக்கும் கிளர்ச்சி நடந்த வருஷம். கடலோரத்தார் உப்புக் காய்ச்சிவிடக் கூடாதே என்று இரண்டு போலீஸ்காரர்கள் காவலுக்கு வந்தார்கள். கடலைக் காத்த களைப்பில் ஆராயியின் குடத்தைக் காலி செய்தார்கள். அவள் வைத வசவை இங்கே எழுத முடியாது.

ஆனால் ஊரின் மவுசு ஏறிவிட்டது. பட்டிக்குப் பெண் கொடுக்க மூக்கைச் சுளித்தவர்களெல்லாம் பட்டினத்துக்குக் கொடுக்க முந்திக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் கப்பல் போடுவது நாகரிகமாயிற்று. வாலிபர்கள், "பீச்சுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பாறைமேல் போய் உட்கார்ந்தார்கள். காளியண்ணன் தம்மைத் துறைமுக மணியகாரர் என்று சொல்லிக்கொண்டார்.

மறுவருஷம் புதிதாக வந்த தாசில்தார் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பசை தெரிந்தது. நேரே ஊருக்கு வந்துவிட்டார்.

"தப்பு எங்களுடையது. ஊர் பட்டிதான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிணறு வெட்டச் சொல்கிறேன்."

"பட்டினமுங்க," என்றார் காளியண்ணன்.

"கடல் எங்கே ஐயா?"

"உள்வாங்கியிருக்குதுங்க."

ஊரே தலையாட்டிற்று. கூட்டத்தை இடித்துக்கொண்டு குடத்தோடு ஓடிவந்தாள் ஆராயி.

"பொய்யிங்க சாமி! எங்கூரு பட்டி..."

மகன் சென்றாயன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "ஆத்தா, எனக்கு இன்னும் பொண்ணு அமையலே!"

ஆராயி மகனைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள்.

"...னமுங்க சாமி," என்று முடித்தாள்.

கிணறு பக்கத்து ஊருக்குப் போயிற்று. சென்றாயனுக்குச் சங்ககிரியிலிருந்து பெண் வந்தது. வந்த மறுநாள் காலையிலேயே மருமகள் வாசலில் நின்று நாலு திசையும் பார்த்தாள்.

"ஏனுங்க அத்தை, கடல் எங்கீங்க?"

"உள்வாங்கியிருக்குது சாமி," என்றாள் ஆராயி. "குடத்தை எடு, பக்கத்தூருக்குப் போயிட்டு வரலாம்."