மிலிட்டரிக்கு இரண்டாவது சாட்சி

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். சட்டையில் சுருக்கம் எடுப்பேன். என் கையெழுத்தில் எடுக்க முடியாது. எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது மட்டும் பிழையில்லை: மதுரையில் வானத்தையும் சேர்த்துக் காவல் காத்த ஒரே வாட்ச்மேன் எங்கள் மிலிட்டரிதான்.

திருநகரில் நான் இஸ்திரி வண்டி நிறுத்தும் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில்தான் அவருக்கு வேலை. பட்டாளத்தில் இருந்தபோது, எல்லைக்கு மேலே ஏதோ வெளிச்சம் பறக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்தாராம். அது வெள்ளிக் கிரகம் என்று அதிகாரி சிரித்துவிட்டார்.

"ரெண்டு பேரு பார்த்தாத்தான் மாப்ள ரிப்போர்ட்டு. ஒருத்தன் பார்த்தா வெறும் பேச்சு" என்பார். அன்றிலிருந்து இரண்டாவது சாட்சியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தால் விசில்தான். செல்போன் டவர் விளக்குக்குப் பயந்து குடியிருப்புப் பிள்ளைகளையெல்லாம் கார்களுக்கு அடியில் படுக்க வைத்தார். கல்யாண மண்டபத்து ட்ரோனை இறங்கச் சொல்லி இந்தியில் மிரட்டினார்.

"ஏண்ணே இந்தி?"

"எந்த ஊருப் பொருள்னே தெரியல. தமிழ்ல சொன்னா அதுக்குப் புரியுமாடா?"

அந்தக் கல்யாண வீடியோவில், தாலி கட்டுவதற்கு முன்னால் மிலிட்டரி லத்தியோடு வருகிறார்.

கடைசியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர், "இன்னொரு தடவை விசில் ஊதினீங்கன்னா வேலை போயிரும்ணே" என்று சொல்லிவிட்டார். மறுநாளே ஊதினார். எல்லாரும் இறங்கி வந்தார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"வேற யாருண்ணே பார்த்தது?" என்றார் செயலாளர்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் கையைத் தூக்கினேன்.

"நா... நானும் பார்த்தேன்."

மிலிட்டரி விறைப்பாகத் திரும்பினார். "கலரு?"

"பச்சைண்ணே."

"எங்கிட்டுப் போச்சு?"

"தெக்கே."

"பொய் ரிப்போர்ட்டு! செவப்பு, வடக்கே! இவன் குனிஞ்சு வேட்டி தேய்ச்சுக்கிட்டிருந்தான் சார். சாட்சி செல்லாது. என்னையத் தூக்கிருங்க!"

செயலாளர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "வந்த ஒத்தச் சாட்சியையும் வெரட்டிட்டீங்களேண்ணே! விசிலை மட்டும் குடுத்துட்டுப் போயி கேட்ல நில்லுங்க."

வயசாகி, மிலிட்டரி மகனோடு வடக்கே அலங்காநல்லூர்ப் பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் தேய்க்கும்போது நான் அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறேன். தை மாதம் ஒரு சாயந்தரம், வடக்கே சிவப்பாக ஒன்று அசையாமல் நின்றது. யாருடைய சட்டையோ கருகியது. போன் போட்டேன்.

"அண்ணே, வடக்கே செவப்பா நிக்குது!"

செருப்புச் சத்தம் கேட்டது. வாசல் கதவு திறந்தது.

"எனக்குத் தெக்கே நிக்குது மாப்ள" என்றார். "ரெண்டு பேராச்சு. ரிப்போர்ட்டை நீயே எழுதிரு."

என் எழுத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டேன். இதை எழுதி முடித்தது, பங்குனி இரண்டாம் நாள்.