ஏழாம் நம்பர் மலையின் மூன்றாவது பாட்டு

உயிரோடு இருக்கும் ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டு, அவர் கையாலேயே தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பதுளை பஸாரில் வாப்பாவின் போன் கடையில் நிற்பது தொழில். இசை விமர்சனம் எழுதுவது வியாதி. ஒரு பாட்டைக் கேட்டால், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று என் இணையப் பக்கத்தில் பதிவு போடாமல் தூக்கம் வராது. (ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் அவ்வளவு துணிச்சல்.)

அந்த நேரம் பார்த்து, மடுல்சீமைத் தோட்டத்தில் பிறந்து கொழும்பில் பெயர் வாங்கிய பாடகி சாந்தினியின் ‘ஏழாம் நம்பர் மலை’ ஆல்பம் வந்தது. ஊரே கொண்டாடியது. நான் கட்டம் போட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே அதன் மூலத்தை எழுதினேன். மூன்றாவது பாட்டின் மேளம் ஆப்பிரிக்காவில் சுட்டது, பின்னால் வரும் பெண்களின் முனகல் ஐரோப்பியத் தேவாலயத்தில் சுட்டது என்று தீர்ப்பு. சாந்தினியே கீழே ஒரு வரி எழுதினார்: “அது எங்க பெரியப்பா முத்தையா அடிச்ச தப்பு மேளம். நம்பலைன்னா போய்க் கேளுங்க.”

நான் நம்பவில்லை. அவர் அடிப்பதையும் ஆல்பத்தையும் அடுத்தடுத்து வைத்து லைவில் காட்டுகிறேன், தோற்றால் பக்கத்தையே மூடுகிறேன் என்று சவால் விட்டேன். கடையிலிருந்த மிகப் பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மடுல்சீமைக்குப் பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. பனி லயத்து வரிசை வீடுகளின் கூரைவரை இறங்கியிருந்தது. எல்லாரும் தேயிலைக் கொழுந்து பறிக்க ஏழாம் நம்பர் மலைக்குப் போயிருந்தார்கள். பன்னிரண்டு கதவுகளில் பதினொன்று பூட்டு. ஒரு நாய் எழுந்து என்னைப் பார்த்தது. குரைக்காமல் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

கடைசி வீட்டில் முத்தையா ஐயா இருந்தார். எழுபது தாண்டியவர், காது மந்தம். வந்த விஷயத்தை மூன்று தடவை கத்திச் சொன்னேன்.

“கை நடுங்குதுங்க நானா, இப்ப அடிக்கிறதில்ல. இருங்க, தேத்தண்ணி போடுறேன்” என்று பின்பக்கக் குசினிக்குப் போனார். (முஸ்லிம் பையன்களை அங்கே ‘நானா’, அதாவது அண்ணன், என்பார்கள்.)

சரி, அங்கேயே அவருக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை வாசலில் வைத்தேன். சத்தத்தை முழுக்க ஏற்றி, லைவைத் தொடங்கி, மூன்றாவது பாட்டைப் போட்டேன்.

தப்பு தனியாக, மெதுவாக ஆரம்பித்தது. மலையில் மோதித் திரும்பி வந்தபோது, பனிக்குள் யாரோ பதிலுக்கு அடிப்பதுபோல் இருந்தது. “ஆப்பிரிக்காதான்” என்று லைவில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். பின்னால் இன்னொருத்தி. பிறகு பத்து, இருபது பேர். முதுகில் கூடை இல்லை. வாயில் பேச்சு இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த கதவையே பார்த்தார்கள். நான் ஓரடி பின்வாங்கினேன். ஆனாலும் விமர்சகன் அல்லவா? “பாருங்க, சாந்தினியோட ரசிகர்கள்!” என்று போனை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

முன்னால் நின்றவள் தலைத்துணியை உருவி எறிந்தாள். “போயிட்டியா மாமா!” என்று மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். மற்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள். ஸ்பீக்கரின் முனகலும் இவர்கள் குரலும் ஒன்றாகவே இருந்தன. எது பாட்டு, எது அழுகை என்று என்னால் பிரிக்க முடியவில்லை. சரியாக அந்த இடத்தில் போனில் சிக்னல் போய்விட்டது.

அந்தத் தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு அடித்துத்தான் மலைக்குச் சொல்வார்கள். அந்த அடியைக் கேட்டதும் கூடையை வைத்துவிட்டு, அடி வரும் வீட்டுக்கு இறங்க வேண்டும். இது அங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். பதுளையில் போன் விற்கிற மேதைக்குத் தெரியவில்லை.

முத்தையா ஐயா இரண்டு கோப்பைகளோடு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பனிக்குள்ளிருந்து நடந்து வந்தார்.

அழுகை அறுந்தது. இரண்டு பேர் ஓடியே போனார்கள். விழுந்து கிடந்தவள் மட்டும் தலையைத் தூக்கிக் கேட்டாள்: “மாமா, நீ இருக்கியா, இல்லியா?”

அவர் என்னிடம் கோப்பையைத் தந்துவிட்டு ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தார். அதிர்வைக் கையால் கேட்டார்.

“இது என் அடிதான். சாந்தினியோட அம்மா கேதத்துல அடிச்சது. புள்ள போனப் புடிச்சிக்கிட்டு எம்பக்கத்துலேயே உக்காந்திருந்துச்சு.” பாட்டு முடிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. “குழிய மூடினதும் கடைசியா நான் ஒரு அடி அடிப்பேன். அத மட்டும் விட்டுட்டா.”

தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஒரு பெண் தன் தாயின் சாவைப் பாட்டாக்கியிருக்கிறாள். நான் அதற்குக் கட்டம் போட்டிருக்கிறேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை.

திரும்பும் வழியில் பஸ் பசறைக்கு வந்ததும் சிக்னல் திரும்பியது. போன் முழுக்க லைவ் பார்த்தவர்களின் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’. அடுத்து ஓர் அழைப்பு. சாந்தினி.

“பொட்டிய எப்ப எடுப்பாங்க?” விம்மலில் வார்த்தை உடைந்தது. “வண்டியில வந்துகிட்டு இருக்கேன். அம்மா போனதுக்கப்புறம் நான் ஊருக்கே போகல. அவர் மொகத்தயாவது பாக்கணும்.”

“அக்கா, அவர் தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்கார்.”

அதன்பின் அவர் என்னைத் திட்டியதில் எந்த வெளிநாட்டின் தாக்கமும் இல்லை. முழுக்க மடுல்சீமை.

ஆனாலும் அவர் வண்டியைத் திருப்பவில்லை. மறுநாள் நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது பெரியப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். விடுபட்ட அடியைப் பற்றிக் கேட்டேன். “அத மட்டும் என்னால பாட்டுல வைக்க முடியல” என்றார். அன்றைக்கே என் பக்கத்தை மூடிவிட்டேன்.

இப்போதும் கடையில் நான் எந்த ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தாலும் வாப்பா உள்ளேயிருந்து, “மகன், யாரு மௌத்து?” என்று சாவு விசாரிக்காமல் விடுவதில்லை. முத்தையா ஐயாவுக்குப் பெருநாள் அன்று போன் எடுப்பேன். நான் பேசுவது அவருக்குக் கேட்காது. நான்தான் என்று யாராவது சொன்னதும், “இருக்கேன் நானா, இன்னும் இருக்கேன்!” என்று கத்துகிறார். பின்னால் சாந்தினி சிரிப்பது கேட்கிறது.