கக்கத்தில் தார்ப்பாய், வாயில் ஓசோன்

மேல்வானத்து நிபுணர் என்றொரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கால் தரையில்தான் இருக்கும். பேச்சு மட்டும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே இறங்காது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இந்த இனத்துக்குத் தலைவர் தெய்வசிகாமணி.

அன்று அவர் வீட்டு மக்காச்சோளம் ரோட்டோரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், வியாபாரி தொடமாட்டான், ஒரு போகத்துப் பாடு அத்தனையும் வீண். கல்வராயன் மலைமேல் மேகம் கறுப்பதைப் பார்த்த மனைவி அமிர்தம், தார்ப்பாய் எடுத்துவர அவரை வீட்டுக்கு விரட்டினாள். எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கிளம்பினார். வழியில் டீக்கடை இருந்தது. அங்கே ஒருவர் மழை வருமா என்று கேட்டுவிட்டார். இந்த இனத்திடம் கேட்கிற கேள்வியா அது?

மழை கிடக்கட்டும், மேலே ஓசோனுக்கு என்ன ஆகிறது என்று யாராவது யோசித்தார்களா? கடல்மேல் இருக்கும் காற்றில் ஓசோன் கம்மி, அது கரைக்கு வந்து நம் வெயிலுக்குச் சூடேறி, ஈரத்தோடு இடிமேகமாய் உச்சிக்குப் போய் அங்கேயும் ஓசோனைக் குறைக்கும், மின்னலோ புது ஓசோன் உண்டாக வழிசெய்யும், ஏறிய காற்று பரவிப்போய் தூரதேசத்தில் இறங்கும் என்று அடுக்கினார். அத்தனையும் உண்மை. அதுதான் கொடுமை. அந்த மேகம் அவர் முதுகுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்தது.

கேட்டவருக்குப் புரியவில்லை. விடுவாரா? தார்ப்பாயை உதறி விரித்து, நடுவில் குடைபோல் தூக்கிப் பிடித்தார்.

"இதான் மேல ஏறுற காத்து. ஓரத்துல தொங்குது பாரு, அது எறங்குற காத்து."

தூறல் விழுந்தது. கடை வாசலில் நின்றவர்கள் எல்லாம் பாய்க்கு அடியில் ஒதுங்கினார்கள். தன் பேச்சுக்குத்தான் கூட்டம் சேர்கிறது என்று அவருக்கு ஏக உற்சாகம்.

அமிர்தம் வந்தபோது முந்தானையில் தண்ணீர் சொட்டியது. பாதிச் சோளத்தை அள்ளிக் குவித்து, கிடைத்த சாக்கைப் போட்டு மூடியிருந்தாள். மீதி நனைந்துகொண்டிருந்தது.

"இன்னாங்க, காத்து எங்கனா எறங்கட்டும். தண்ணி நம்ம சோளத்துல எறங்கிகினு இருக்குது. பாய குடுங்க."

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். பளிச்சென்று மின்னல் வெட்டியது. வாய் துறுதுறுத்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. நாளைக்கே இந்த ஓசோன் கதையை யாரிடமாவது எடுத்துவிடத்தான் போகிறீர்கள். அதற்கு முன் உங்கள் கக்கத்தில் என்ன இருக்கிறது, அதற்காக யார் நனைந்துகொண்டு நிற்கிறார்கள் என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.