கைகாட்டியாரின் பொய்ப் பாவு

எடப்பாடியில் அப்போது லாரியை நிறுத்த இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று பிரேக், இன்னொன்று எங்கள் தெருக் கைகாட்டியார். பிரேக்காவது சில சமயம் பிடிக்காமல் போகும்.

மனிதர் தறிக்காரர். ஆள் குள்ளம், குரல் மட்டும் ஏர் ஹாரன். யாராவது ரோட்டைக் கடக்கத் தயங்கினால் போதும், தறியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து நடுரோட்டில் கையை நீட்டிவிடுவார்.

"ஏனுங்க, சாவறதுக்கு என்ற வண்டிதான் கெடைச்சுதுங்களா?" என்று டிரைவர் கத்துவார்.

"ரோடு உனக்கு மட்டும் போட்டதில்ல சாமி! நடக்கறவனுக்குந்தான்!"

ஒருநாள் கோழி ஒன்று குஞ்சுகளோடு கடக்க வந்ததற்காக மேட்டூர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். கோழி பாதி வழியில் நின்று யோசித்தது. கண்டக்டர் விசில் ஊதினார். "அவசரப்படுத்தாதீங்க, பாவம், முடிவு பண்ணட்டும்!" என்றார் கைகாட்டியார். கோழி வந்த வழியே திரும்பிப் போனது.

இப்படிப்பட்டவரே தோற்றுப்போனது அவர் மனைவி சரசக்காவிடம்தான். அக்காவுக்கு இடது கால் சற்று இழுக்கும். ஆனால் மேட்னி ஷோ என்றால் உயிர். ஒருநாள் லாரி ஒன்று முந்தானையை உரசிக்கொண்டு போக, அக்கா வெளியே வருவதையே விட்டுவிட்டார். "நான் ஊட்டோடயே இருந்துக்கறனுங்க. படம் பாக்கலீனா உசுரா போயிரும்?"

மனிதர் சோறு இறங்காமல் கிடந்தார். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் ஊரில் காலையில் தெருவில் குச்சி நட்டு, தறியில் ஏற்றப்போகும் நீளவாட்டு நூலான பாவை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். ஆளுக்கு ஒதுங்காத லாரிகூட அதற்கு ஒதுங்கும். நூல் அறுந்தால் தெருவே திரண்டு வந்து கேட்கும், சும்மாவா?

நான் வேலை பார்த்த நூல்கடையில் கழிவு நூலாக அள்ளிப்போனார். மறுநாள் வாசலிலிருந்து தியேட்டர்வரை ரோட்டோரம் பொய்ப் பாவு! லாரி வராமலிருக்க ரோட்டுப் பக்கம் ஒரு வரிசை, சைக்கிள் நிறுத்தாமலிருக்க வீட்டுப் பக்கமும் வாசல் முனையிலும் இன்னொரு வரிசை, நடுவே நடைபாதை. லாரிகள் பயபக்தியோடு விலகிப் போயின.

"சரசா, வா! இனி இது உன்ற ரோடு!"

அக்கா வந்தார். நூலைப் பார்த்தார். "ஐயோ, பாவைப் போயி யாராச்சும் தாண்டுவாங்களா? ஆகாதுங்க!" என்று சுற்றிக்கொண்டு நேராக நடுரோட்டில் இறங்கினார். பின்னாலேயே பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், ஒரு ஆடு. நடைபாதை மட்டும் காலி.

"பொய் நூலு சரசா!"

"பொய்யோ மெய்யோ, நூலு நூலுதானுங்க."

தூரத்தில் ஹாரன் கேட்டது. கைகாட்டியார் உள்ளே ஓடிக் கத்தியை எடுத்து வந்தார். பிறந்ததிலிருந்து அறுந்த நூலை முடிந்தே பழகிய கை, நூலருகே போய் நின்றுவிட்டது. "அறுக்காதீங்க!" என்று தெருவே அலறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசலுக்கு நேரே வீட்டுப் பக்க நூலை அறுத்துவிட்டார், மனுஷன்!

சரசக்கா நடுரோட்டிலிருந்து சுற்றிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். பிறகு அந்த இடைவெளி வழியாக நடைபாதைக்குள் வந்து, "டிக்கெட்டு தீந்துரப் போவுது, சீக்கிரம் வாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். லாரி அந்தப் பக்கமாக ஒதுங்கி, மெதுவாகப் போனது.

இப்போதும் ரோட்டைக் கடக்கும்போது என் கை தானாக நீள்கிறது. எந்த வண்டியும் நிற்பதில்லை. ஆனால் பக்கத்தில் அவர் நிற்கிறார் என்று ஒரு தைரியம்.